லயத்துக் குப்பையும் நம் பிள்ளைகளும்

"குப்பை பொறுக்கவா பிள்ளையைப் பெற்றோம்?"

பழைய பத்திரிகையும் காலி டின்னும் சேர்த்துக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்லிவிட்டால் போதும், நம் தோட்டத்து வீடுகளில் இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் தாய்தான். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், கொசுக்கடியில் பால்மரம் வெட்டி, வீடு திரும்பியதும் ஒட்டுப்பால் நாற்றம் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவள் அவள். தன் பிள்ளையின் கையாவது சுத்தமாக இருக்கட்டும் என்று அவள் நினைப்பதில் என்ன குற்றம்?

அந்தக் கோபத்துக்கு இன்னும் ஆழமான வேர் ஒன்றும் உண்டு. லயத்துச் சாக்கடையைக் கூட்டவும் கக்கூஸ் வாளியைச் சுமக்கவும் தனியாக ஆள் வைத்து, அவரைத் தோட்டி என்று பெயரிட்டு அழைத்து, அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் கூசிய சமூகம் நம்முடையது. கடல் தாண்டி வந்தும் அந்த மூட்டையை நாம் இறக்கி வைக்கவில்லை. ஆகவே குப்பை என்ற சொல் காதில் விழுந்ததும் சிலருக்கு அவமானம் நினைவுக்கு வருகிறது. வேறு சிலருக்கு வீண் பெருமை நினைவுக்கு வருகிறது. முன்னவரின் மனவலியை நாம் மதிக்கிறோம். பின்னவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதை இன்னொரு சமயம் சொல்வோம்.

ஆயினும் தோழர்களே, தாய்மார்களே, கிராணி அன்பர்களே! வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் கற்றே ஆக வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. இதை மறுசுழற்சி என்கிறார்கள். மலாயில் கித்தார் செமுலா. அதில் எந்த வேலை பிள்ளையுடையது, எந்த வேலை பெரியவர்களுடையது, எந்த வேலை தோட்ட நிர்வாகத்தினுடையது என்ற கோட்டைத் தொழிலாளர்களாகிய நாமே முன்கூட்டிக் கிழித்துவிட வேண்டும். கோடு கிழிக்காத இடத்தில் கடைசியில் சுமை யார் தலையில் வந்து விழும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைக் கேட்கிறோம். கழிவைக் காசாக்கும் வித்தை நமக்குப் புதிதா? மங்கில் உறைந்த கட்டிப்பாலை நாம் எறிந்தோமா? வெட்டின் மேல் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடவில்லையா? தரையில் சிந்தி மண்ணோடு உறைந்ததையும் பிடுங்கிக்கொண்டு வரச் சொல்லித்தானே கங்காணி சத்தம் போட்டார்? ஒரு காலத்தில் தரம் குறைந்த சரக்கு என்று ஒதுக்கப்பட்டவை இவை. 1965-இல் இந்நாட்டு ரப்பருக்குத் தர நிர்ணயத் திட்டம் வந்த பிறகு, கட்டிப்பாலை இடித்து, கழுவி, உலர்த்தி, கட்டி ரப்பராக அமுக்கி விற்கும் வழி பிறந்தது. இன்றோ சிறுதோட்டக்காரர்களில் பெரும்பாலோர் பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டியாகத்தான் விற்கிறார்கள். அன்றைய கழிவு இன்றைய முதல் சரக்கு!

மரத்தின் கதையும் அப்படியே. மறுநடவுக்காகச் சாய்த்த கிழட்டு ரப்பர் மரங்களை விறகாக எரித்தார்கள். அடுக்கி வைத்து அங்கேயே கொளுத்தியும் விட்டார்கள். பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை கைகூடிய பின்னர், 1980-களிலிருந்து அதே மரம் மூவார் பட்டறைகளில் மேசையாகவும் நாற்காலியாகவும் உருமாறிக் கப்பலேறிப் போகிறது. நம் பாட்டன் காலத்தில் புகையாய்ப் போனது இப்போது அயல்நாட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்குள்ளும் நம் முன்னோர் எதையும் வீணடித்தவர்கள் அல்லர். மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் தூக்கியது. பால் டின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டித்தான் கடையில் தேநீர் வாங்கி வந்தார்கள். சர்க்கரையும் பருப்பும் பத்திரிகைத் தாள் பொட்டலத்தில் வந்தன. தேங்காய்ச் சிரட்டை அகப்பையாயிற்று. ஆதியில் மரத்தடியில் பால் ஏந்தியதும் அதே சிரட்டைதான். சோற்று வடிநீர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போயிற்று. அப்போது லயத்துக் குப்பைக்குழியில் விழுந்ததெல்லாம் சாம்பலும் வாழை இலையும்தான். மழை பெய்தால் மண்ணாகிவிடும்.

இன்று அந்தக் குழியை எட்டிப் பாருங்கள். நூடல்ஸ் உறை, எண்ணெய்ப் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, தேநீர் கட்டி வந்த பிளாஸ்டிக் பை, குழந்தைக்குக் கட்டிய டயாப்பர்! இவற்றில் ஒன்றாவது மழைக்கு மசிகிறதா? குழி பழைய குழி, குப்பை புதிய குப்பை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

2012-ஆம் ஆண்டில் அரசாங்கம் இந்நாட்டு வீடுகளின் குப்பையை நிறுத்துப் பார்த்தது. 100 கிலோவில் சுமார் 45 கிலோ சோறு, கறி, காய்கறித் தோல் முதலிய உணவுக் கழிவு. பிளாஸ்டிக் சுமார் 13 கிலோ. டயாப்பர் சுமார் 12 கிலோ. காகிதம் எட்டு, ஒன்பது கிலோ. (டயாப்பர் இவ்வளவா என்று நாமும் மலைத்துத்தான் போனோம். அதை மறுபடி பயன்படுத்த இங்கே எளிய வழி இல்லை. துணி கட்ட நேரமில்லாத தாயைக் குறை சொல்லவும் நமக்கு வாயில்லை.) ஆனால் மற்றவற்றைக் கூட்டிப் பாருங்கள். பாதிக்குக் கிட்ட மண்ணுக்கே எருவாகத் திரும்பக்கூடியது. மேலும் ஒரு நல்ல பங்கு பழைய சாமான் லாரிக்காரர் காசு கொடுத்து வாங்கக்கூடியது. இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை பண்டம். ஒரே பையில் கலந்துவிட்டால் நாற்றம். சாம்பார் ஊற்றிய பத்திரிகையை எந்த லாரிக்காரர் வாங்குவார்? கலப்பதுதான் குப்பையை உண்டாக்குகிறது என்பதை ஒரு பிள்ளை புரிந்துகொண்டுவிட்டால், பாதிப் பாடம் முடிந்தது.

பிரிக்காத குப்பையை என்ன செய்கிறோம்? சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் நெருப்பு வைக்கிறோம். பிளாஸ்டிக் புகை எவ்வளவு கெடுதி என்பதை வீட்டில் மூச்சிரைப்புக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 29ஏ பிரிவின்படி, திறந்த வெளியில் இப்படி எரிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. எரிக்காமல் குவித்து வைத்தாலோ ஏடிஸ் கொசு குடியேறுகிறது. இந்நாட்டில் 2019-இல் மட்டும் 1,30,101 பேருக்கு டெங்கி கண்டது. 182 பேர் மாண்டனர். ஒரு வாரம், பத்து நாள் தேங்கிய ஒரு மூடித் தண்ணீர் போதும், முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீர் காய்ந்தாலும் முட்டை ஒட்டிய இடத்திலேயே மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வெட்டில்லாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தீம்பாரில் மங்கைக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக் கொல்லையில் மைலோ டின்னை நிமிர்த்தி வைத்தால் கொசுவுக்கு நட்டமென்ன?

நிற்க. இதையெல்லாம் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும், பெரியவர்கள் செய்தாலாகாதா என்று கேட்கலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் நாம் வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். பிஸ்கட் உறையைப் பிரிப்பதும், பான டின்னைத் திறப்பதும், பெட்டியைக் கிழிப்பதும் பெரும்பாலும் பிள்ளைகளின் கைதான். திறக்கிற கையே தரம் பார்த்துப் போட்டுவிட்டால், பிறகு யாரும் குனிந்து பொறுக்க வேண்டியதே இல்லை. அத்துடன், பாட்டில் அடியில் அச்சிட்ட எண்ணையும், உறையில் உள்ள மலாய் எழுத்தையும் நம்மில் பலரைவிட அவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோகிறவர்களும் அவர்கள்தாம். அங்கே கொல்லையும் இல்லை, குழியும் இல்லை.

எப்படிச் செய்வது? மூன்று கோணிப்பையும் ஓட்டை விழுந்த ஒரு பழைய வாளியும் இருந்தால் போதும். கடையில் வாங்க வேண்டியது எதுவுமில்லை.

ஒரு கோணியில் காகிதம். அது நனையக்கூடாது. ஆகவே தாழ்வாரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பலகை மேல் வைக்க வேண்டும். நிறை கூடட்டும் என்று நனைத்துக் கொடுக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் காட்டிக்கொடுப்பது போலவே, லாரிக்காரர் கையால் தொட்டே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்.

இரண்டாவது கோணியில் தகரமும் அலுமினியமும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இந்த வேலைதான். ஏனென்றால் இதில் ஒரு காந்தம் வேண்டும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தமானாலும் சரி. பால் டின்னில் வைத்தால் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும், அது இரும்புத் தகரம். குளிர்பான டின்னில் வைத்தால் வழுக்கி விழும், அது அலுமினியம். இரண்டுக்கும் விலை வேறு, அலுமினியத்துக்குத்தான் அதிகம். ஏறத்தாழ 70 காலி டின் சேர்ந்தால் ஒரு கிலோ. பழைய டின்னை உருக்கி அலுமினியம் எடுக்க ஆகும் சக்தி, பாக்சைட் மண்ணிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆவதில் இருபதில் ஒரு பங்குதான். பாக்சைட் என்றால் என்னவென்று பகாங் மாநிலத்தாரைக் கேளுங்கள். 2015-இல் குவாந்தான் பக்கம் புக்கிட் கோ வட்டாரத்தில் அந்த மண்ணைத் தோண்டி லாரி லாரியாக ஏற்றியபோது வீடும் சாலையும் செம்புழுதியில் மூழ்கின. 2016 ஜனவரியில் அரசாங்கம் தோண்டுவதை நிறுத்திவைத்தது. ஒரு டின்னைத் தூர எறிவதற்கும் அந்தப் புழுதிக்கும் உள்ள உறவைப் பிள்ளைக்கு விளங்கச் சொன்னால் அது எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததல்ல.

டின்னைக் கழுவிக் கவிழ்த்துத் தண்ணீர் வடிந்த பின் நசுக்க வேண்டும். கூர்மையான மூடியைப் பிள்ளை தொடக்கூடாது. தகப்பனார் அதை டின்னுக்குள் மடித்துவிடட்டும்.

மூன்றாவது கோணியில் பிளாஸ்டிக். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர், குளிர்பானப் பாட்டில். 2 என்றால் சவர்க்கார நீர், ஷாம்பு வந்த தடித்த பாட்டில். 5 என்றால் ஐஸ்கிரீம், மார்ஜரின் டப்பா வகை. எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார் என்று லாரிக்காரரையே கேட்டு, அந்த எண்களைப் பிள்ளை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டட்டும். குழம்பு கட்டிய பையையும் நூடல்ஸ் உறையையும் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை. அவற்றை மறுசுழற்சி செய்யலாம் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். அவற்றுக்கு மருந்து, வாங்குவதைக் குறைப்பதுதான். கடைக்குப் போகும்போது தூக்குச்சட்டியை எடுத்துப் போன நம் பாட்டிகளை யாரும் பாராட்டியதில்லை, இப்போதாவது பாராட்டலாம்.

இனி அந்த ஓட்டை வாளி. இதுதான் எல்லாவற்றிலும் பெரிது, ஏனென்றால் நிறையில் பாதி இதற்குள் போகிறது. அடியில் நாலைந்து துளை போட்டு, மேலே மூடி வைத்து, மரநிழலில் செங்கல் மேல் நிறுத்த வேண்டும். அடியில் ஒரு கை உயரம் சருகு. அதன்மேல் அன்றன்றைய காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, உடைத்த முட்டை ஓடு. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு சருகு போட்டு மூடினால் நாற்றமும் வராது, ஈயும் மொய்க்காது. மீன் முள், இறைச்சி, எண்ணெய் ஆகியவற்றைப் போடக்கூடாது. எலி வரும்; எலியைத் தேடி வருவது எது என்பது தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை கம்பால் கிளற வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால், துவைத்துப் பிழிந்த துணிபோல் ஈரம் இருக்க வேண்டும். சொட்டினால் சருகு போடு, காய்ந்தால் தண்ணீர் தெளி. இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த மண் கிடைக்கும். கத்தரிக்கும் வெண்டைக்கும் கறிவேப்பிலைக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்?

சருகுக்கு எங்கே போவது என்று தாமானில் இருப்பவர்கள் வேண்டுமானால் கேட்கலாம், நாம் கேட்கக்கூடாது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை முழுவதையும் நம் காலடியில் கொட்டுகிறது. வெட்டுக் குறைந்து கை காய்கிற மாதங்கள் அவை. அவை நமக்குத் தரும் ஒரே வரும்படி அந்தச் சருகுதான். ரப்பர் கொட்டையை மட்டும் பொறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தரிப் பாத்தியில் கன்று முளைக்கும்!

இந்த வேலையைப் பெண்பிள்ளை தலையில் மட்டும் கட்டிவிடும் வழக்கத்தையும் இங்கேயே கண்டித்துவிடுகிறோம். ஆற்றில் குளிக்கவும் பந்தடிக்கவும் ஆண்பிள்ளைக்கு நேரமிருந்தால், வாளி கிளறவும் நேரமிருக்கும். ஆறு வயதுக் குழந்தை காகிதத்தை அடுக்கலாம், பத்து வயதுக்காரன் காந்தம் பார்க்கலாம், பன்னிரண்டு வயதுக்காரி கணக்கெழுதலாம். நாளொன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனால், ஏதோ தவறாக நடக்கிறது என்று பொருள்.

இனிக் கோட்டின் மறுபக்கம். பிள்ளை தொடவே கூடாத குப்பை சில உண்டு. இதில் எள்ளளவும் தளர்வு கூடாது. களைக்கொல்லி டின் முதலாவது. பாராகுவாட் இந்நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய டப்பாக்கள் ஸ்டோர் மூலையிலும் வீட்டுக் கொல்லையிலும் கிடப்பதைக் காணலாம். மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கமும் நம்மிடையே இருந்தது. மறுபயன் என்ற பெயரால் அதை மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம். அந்த டின்னை மும்முறை கழுவித் துளையிட்டுத் திரும்பப் பெறுவது தெளிப்பு வேலையை நடத்துகிற நிர்வாகத்தின் பொறுப்பு. பால் உறைய ஊற்றும் ஆசிட் பாட்டில், பேட்டரி, குழல்விளக்கு, உடைந்த கண்ணாடி, மருந்து ஊசி ஆகிய யாவும் பெரியவர் கையால் தனி டின்னில் போக வேண்டியவை. பழைய சமையல் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்தால் வாங்குவோர் உண்டு. அது எரிபொருள் செய்யப் போகிறது. அதைக் காய்ச்சிச் சவர்க்காரம் செய்யலாம் என்று சில இடங்களில் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். அதற்குச் சேர்க்கும் காரம் தோலை வேகவைத்துவிடும். பெரியவர் பக்கத்தில் நின்று செய்து காட்டினால் காட்டட்டும். பிள்ளை கையில் கொடுப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

தன் வீட்டுக் குப்பையைத் தவிர வேறொருவர் குப்பையில் பிள்ளை கை வைக்கக்கூடாது. இதைச் சொல்லக் காரணமுண்டு. எந்த வகுப்பு அதிகக் கிலோ சேர்க்கிறது என்று போட்டி வைக்கிறார்கள். கிலோவுக்குக் கூலி வாங்கிப் பிழைக்கிற நமக்குக் கிலோவின் குணம் தெரியும். எடை ஒன்றே கணக்கு என்று சொல்லிவிட்டால், நல்ல பிள்ளைகூடச் சாலையோரக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுவிடும். வசதியுள்ள வீட்டார் பத்திரிகையை விலைக்கு வாங்கி அனுப்பிவிடுவார்கள். பரிசு கொடுக்க வேண்டுமானால், சுத்தமாகப் பிரித்த வீட்டுக்குக் கொடுங்கள்.

கிடைக்கும் காசு யாருடையது? வீட்டுச் செலவுக்கு அதை எடுத்துக்கொண்டால், அன்றிலிருந்து அது பிள்ளை உழைத்துக் கொண்டுவரும் கூலி. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தாயோடு தீம்பாருக்குப் போய் மங்கு துடைத்தவர்களும் ஒட்டுப்பால் பொறுக்கியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நிரையில் அது கணக்காயிற்று. அவர்கள் பெயரில் கணக்கேது? 1966-ஆம் ஆண்டில் பிள்ளைகள், இளையோர் வேலை குறித்துத் தனிச்சட்டம் வந்தது சும்மா வரவில்லை. ஆகவே லயத்துக் குப்பைக் காசு பள்ளிக்கூட நூலகத்துக்கோ படிப்பகத்துக்கோ போகட்டும். எத்தனை கிலோ, என்ன விலை, எத்தனை வெள்ளி என்று ஒரு நோட்டில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும். அந்த நோட்டைப் பிள்ளைகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்துச் சரிபார்க்கக் கிராணி அன்பர்களைவிடத் தகுந்தவர் யார்?

நிர்வாகத்தின் பங்குக்கு வருவோம். தோட்டத் தொழிலாளரின் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-இல் வந்து, 2019-இல் திருத்தமும் பெற்றிருக்கிறது. குடியிருப்பை நல்ல நிலையிலும் சுத்தமாகவும் வைத்திருக்கும் கடமை முதலாளியுடையது. "உங்கள் பிள்ளைகளே நன்றாகப் பிரிக்கிறார்களே, இனிக் குப்பை லாரி எதற்கு, கூட்டுகிற ஆள் எதற்கு?" என்று எந்தத் தோட்டத்திலாவது பேச்சு எழுமானால், அதை வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும். பிள்ளை பிரிக்கிறது. சுமப்பதும், ஏற்றுவதும், குழி வெட்டுவதும், சாக்கடை தூர் வாருவதும் கூலி பெற்றுச் செய்ய வேண்டிய வேலைகள். அவ்வேலை செய்வோர் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களும் தொழிலாளர்களே. நாம் கலந்து கட்டிப் போட்ட பையைப் பிரித்து அவர்கள் கை கிழியும்போது, அன்று தோட்டிக்கு நாம் செய்ததைத்தான் இன்னொருவருக்குச் செய்கிறோம்.

தாமானுக்குப் போய்விட்ட நம்மவர்களுக்கு இது சட்டமாகவே ஆகியிருக்கிறது. 2007-இல் நிறைவேறிய திடக்கழிவுச் சட்டத்தின் கீழ், கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2016 ஜூன் முதல் அபராதமும் வந்தது. நீலத் தொட்டியில் காகிதம், பழுப்பில் கண்ணாடி, ஆரஞ்சில் பிளாஸ்டிக்கும் டின்னும். 2023-இல் நாட்டின் மறுசுழற்சி அளவு 35 விழுக்காடு என்று அரசாங்கம் கணக்குக் காட்டியது. மீதி எங்கே போகிறது? கோலாலம்பூரின் குப்பை உலு சிலாங்கூர் புக்கிட் தாகாரில், தோட்டங்கள் சூழ்ந்த குப்பைமேட்டுக்குப் போகிறது. நகரத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு அனுப்புவது, எப்போதும் நம் பக்கத்துக் காட்டுக்குத்தான் வந்து சேருகிறது. சிங்கப்பூரிலுள்ள நம் உறவினருக்கு அந்த வசதியும் இல்லை. அவர்கள் கடலுக்குள் செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள், 1999-இல் திறந்த அவ்விடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

ஒரு தோழர் கேட்கக்கூடும்: "நாம் கழுவித் துடைத்துக் கொடுக்கிறோம். அது போகிற இடத்தில் என்ன நடக்கிறது?" மிக நியாயமான கேள்வி. 2018 தொடக்கத்தில் சீனா அந்நியநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவை அடைத்தது. உடனே பணக்கார நாடுகளின் குப்பை நம் துறைமுகங்களில் வந்து இறங்கியது. கோலலங்காட்டில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஜெஞ்சாரோமில், உரிமமில்லாத தொழிற்சாலைகள் முளைத்தன; விற்க முடியாததை இரவில் எரித்தார்கள். ஊர் மக்கள் இருமிக்கொண்டே புகார் எழுதினார்கள். எழுதி எழுதித்தான் அதிகாரிகளை வரவழைத்தார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் குப்பை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உள்ளூர்ப் பிளாஸ்டிக் கலந்தும் அழுக்காகவும் இருப்பதால்தான் வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறோம் என்பது தொழிற்சாலைக்காரர் சொன்ன சாக்கு. அந்தச் சாக்கையும் பிடுங்கிவிட வேண்டுமானால், நம் வீட்டுப் பாட்டில் சுத்தமாகப் போக வேண்டும். வாங்குகிறவரிடம் எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கப் பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள்.

இதை அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு லயத்தின் கோடியிலும் மழை படாத ஒரு சிறு கொட்டகை. மருந்து டின்களைத் திரும்ப எடுக்கப் பூட்டுப்போட்ட ஓர் அறை. வாரத்தில் இன்ன நாள் என்று குறித்த லாரி. அதில் ஏற்றும் ஆட்களுக்குக் கையுறை. பள்ளியாசிரியரையும் கூட்டத்துக்கு அழைத்துவிட்டால், பழைய சாமான் லாரி எந்த ஞாயிற்றுக்கிழமை வரும் என்பதை அங்கேயே பேசி முடித்துவிடலாம். இலையுதிர் காலம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். சருகு மூட்டை கட்டுவதற்கு ஸ்டோரில் கிடக்கும் பழைய உரச் சாக்குகளை, நன்றாக அலசி, அதற்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்.